பேஸ் கிட்டாரும் ஒரு பழைய தீர்ப்பும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுது. துறையடிப் பக்கம் காலாற நடந்துவிட்டு வீடு திரும்பினேன். என் தங்கையின் மகன் முற்றத்துக் கதிரையில் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். மடியில், இரண்டு வாரங்களுக்கு முன்பு நானும் அவனுமாகத் தேடி வாங்கிய பேஸ் கிட்டார்.

"மாமா, எனக்கு இது ஏலாது போல. கீழ்ப்பக்கம் வாசிச்சாச் சரியா இருக்கு. மேல போகப் போகச் சுருதி விலகுது. எனக்குக் காது இல்ல மாமா" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சற்று உலுக்கிவிட்டது. அதே வாக்கியத்தை 1976 ஆம் ஆண்டு எனக்கு ஒருவர் சொல்லியிருந்தார். நான் அதை நம்பினேன். நம்பி ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்தும் விட்டேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தக் கிட்டார் எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும். சிறிய தொகையில் பேஸ் கிட்டார் வாங்க எண்ணும் வாசக நண்பர்கள் யாருக்கேனும் அது பயன்படலாம்.

மருமகனுக்கு வயது 19. பேஸ் மீது அவனுக்கு ஆசை வந்தது காதுக்குள் பொருத்தும் அந்தச் சிறு கருவியால்தான். இயர்போன் என்று இளைஞர்கள் சொல்வது. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் பாடல்களைக் கைத்தொலைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் பல முறை கேட்டவன், ஒருநாள் அவற்றை இயர்போனில் கேட்டிருக்கிறான். பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடுகிறது என்று ஓடிவந்து என்னிடம் சொன்னான். அவன் சொன்னது உண்மைதான். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி செக்கனுக்கு 41 தடவையளவில் அதிர்கிறது. கைத்தொலைபேசியின் நகத்தளவு ஸ்பீக்கரால் அந்த அதிர்வை வெளியிட இயலாது. அதனால் நம்மில் பலர் இளையராஜாவின் பாடல்களைப் பாதிதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடையொன்றில் கணக்கெழுதிச் சேர்த்த 50,000 ரூபா அவன் கையில் இருந்தது. தங்கைக்கு இதில் சம்மதம் இல்லை. கணவர் வளைகுடாவில் உழைக்கிறார். மகன் மேற்கொண்டு படிக்க வேண்டும் என்பது அவளுடைய கவலை. இசைக்கருவி குறித்து எங்கள் ஊரில் இரு வேறு கருத்துகள் உண்டு என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். றபான் ஒலியும் பக்கீர் பைத்தும் பொல்லடியும் கேட்டு வளர்ந்த தலைமுறை நான். அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. "காக்கா, நீங்களும் சேர்ந்து இவனக் கெடுக்கிறீங்களா?" என்று தங்கை கேட்டாள். அவன் வீட்டில் இயர்போன் போட்டுத்தான் வாசிப்பான், அயல்வீட்டுக்கும் கேட்காது, தொழுகை நேரத்தில் தொடமாட்டான் என்று வாக்குக் கொடுத்துத்தான் அனுமதி பெற்றேன்.

50,000 ரூபா என்பது இன்று பெரிய தொகை அல்ல. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில், 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டாலர் சில வாரங்களில் 360 ரூபா வரை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். பின்னர் ஓரளவு இறங்கியபோதும் அது பழைய இடத்துக்கு மீளவில்லை. கிட்டாரும் தந்தியும் கடல் கடந்து வரும் பொருட்கள். எனவே புதியது என்ற பேச்சை முதலிலேயே விட்டுவிட்டோம். திருகோணமலையில் பழைய கருவிகளை விற்பவர்களிடம் தேடுவது என்று முடிவாயிற்று.

கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பழைய 'பாதை' நினைவுக்கு வரும். இயந்திரப் படகை எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வோம். 2009 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை திருகோணமலைக்குப் போவதென்றால் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். இப்போது மருமகனின் மோட்டார் சைக்கிளில் ஏறினால் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கரை வந்துவிடுகிறது.

அன்று மூன்று கிட்டார்களைப் பார்த்தோம். முதலாவது கண்ணைப் பறிக்கும் சிவப்பு. ஐந்து தந்திகள். உள்ளே 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் மின்சுற்று. மருமகனுக்கு அதன்மேல்தான் கண். தொடங்குபவனுக்கு நான்கு தந்தியே போதும் என்றேன். ஐந்தாவது தந்திக்குக் கழுத்து அகலமாகும், புதிய தந்தி வாங்கும் செலவும் கூடும். மின்கலம் இறந்துவிட்டால் அத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை ஊமையாகிவிடும். இரண்டாவது கிட்டார் நல்ல பெயருள்ள நிறுவனத்தினுடையது. ஆனால் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் ஓரத்தை நோக்கினால், படகுத் துடுப்பைப் போல் அது முறுகியிருந்தது. முன்னோ பின்னோ வளைந்த கழுத்தைத் திருத்தலாம். முறுகிய கழுத்தைத் திருத்துவது கைகாரத் தச்சனுக்கே கடினம். பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டாம் என்று அதையும் விட்டோம்.

மூன்றாவது, பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு சீனத் தயாரிப்பு. கறுப்பு நிறம். ஓரங்களில் சாயம் உரிந்திருந்தது. ஆனால் கழுத்து நேராக இருந்தது. நான்கு முறுக்காணிகளும் இறுக்கமாகச் சுழன்றன. வீணையில் மெட்டு என்பதைக் கிட்டாரில் ஃபிரெட் என்பார்கள், நான் மெட்டு என்றே எழுதுகிறேன். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி மீட்டச் சொன்னேன். எங்கும் ஒலி செத்துப்போகவில்லை. ஒலிக் குமிழைத் திருகியபோது சற்றுக் கரகரத்தது. அது தூசி, துப்புரவு செய்தால் போகும். தந்தியைத் தொட்டதும் அம்ப்ளிபயரில் கேட்ட இரைச்சல் குறைந்தது. பிரிட்ஜின் அடியில் உள்ள ஏர்த் கம்பி அறுபடவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். தோளில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நிற்கச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். ஆனால் பாரம் தாங்காத தோளில் எந்தக் கருவியும் நிலைக்காது.

விலை 36,000 ரூபாவில் முடிந்தது. மிச்சம் 14,000. அதில் 6,000 ரூபாவுக்குப் புதிய தந்தித் தொகுதி, 2,000 ரூபாவுக்குக் கேபிள், 1,000 ரூபாவுக்குத் தோள்வார், 4,000 ரூபாவுக்கு இயர்போன் பொருத்தி வாசிக்கும் சிறு அம்ப்ளிபயர். மீதி 1,000 ரூபாவுக்கு எல் வடிவச் சாவிகளும் ஒரு சிறிய ஸ்குறு டிரைவரும். 'சாவிகள் எதற்கு மாமா?' என்று அவன் கேட்டான். எனக்கும் அப்போது சரியாகத் தெரியாது. கடைக்காரர் தேவைப்படும் என்றார், வாங்கினோம்.

இனி அந்த 1976.

நான் அப்போது பத்திரிகைக்குச் செய்தி எழுதத் தொடங்கியிருந்த இளைஞன். நாடெங்கும் பொப்பிசை அலையடித்த காலம். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழில் பாடினார்கள். கிளறன்ஸ் விஜேவர்தன சிங்களப் பாட்டுக்கு மின் கிட்டாரைக் கொண்டுவந்திருந்தார். திருகோணமலையில் நாங்கள் ஐந்து பேர் ஒரு குழு வைத்திருந்தோம். தமிழர் இருவர், சிங்களவர் ஒருவர், பறங்கியர் ஒருவர், கிண்ணியாவிலிருந்து பாதை ஏறிப் போகும் நான். இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த ஆண்டுகள் அவை. வெளிநாட்டு பேஸ் கிட்டார் கண்ணில் காண்பதே அபூர்வம். எனக்குக் கிடைத்தது ஒரு தச்சர் செய்த கருவி. தந்திக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு பென்சில் நுழையும். தந்திகளோ முன்னாள் உரிமையாளர் பல ஆண்டு வாசித்துத் தேய்த்தவை. தந்தி தாங்கும் பிரிட்ஜ் ஒரே மரக்கட்டை, அசையாமல் ஒட்டப்பட்டது.

ஒரு கல்யாண வீட்டில் வாசித்தோம். கீழ் மெட்டுகளில் இருந்தவரை குறையில்லை. மேலே ஏறியதும் என் சுரங்கள் மற்றவர்களோடு சேராமல் பிறழ்ந்தன. பாடியவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நிகழ்ச்சி முடிந்ததும், குழுவில் மூத்தவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "உனக்குக் காது இல்லையப்பா. எழுத்தோடு நின்றுகொள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். அக்கறையோடு சொல்லப்படும் தீர்ப்பை எதிர்த்து வாதாட முடிவதில்லை. அடுத்த வாரமே கிட்டாரை விற்றேன். அதன் பிறகு திருமண வீடுகளில் யாராவது பாடச் சொன்னாலும் வாய் திறந்ததில்லை. குழந்தைகளுக்குத் தாலாட்டுப் பாடவும் கூசினேன். காது இல்லாதவன் அல்லவா?

அதே வாக்கியம் அரை நூற்றாண்டு கழித்து என் முற்றத்தில், ஒரு பையனின் வாயிலிருந்து வந்தபோது, அதை அப்படியே ஏற்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. பத்திரிகைத் தொழிலில் முதற்பாடமே, ஒருவர் சொன்னதை இன்னொரு மூலத்தில் சரிபார்ப்பதுதானே? நான் என் வழக்கிலேயே அதைச் செய்யாமல் விட்டவன்.

தேடிப் படித்தேன். திருகோணமலையில் கருவிகள் திருத்தும் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் கிட்டாரைக் கையில் எடுக்கும் முன்பே, "செட்டிங் செய்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் பிள்ளையைக் குறை சொல்லாதீங்க" என்றார். அவர் விளக்கியதை ஒட்டி, வீட்டு மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, நானும் மருமகனும் மூன்று மாலைகள் உட்கார்ந்தோம்.

இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் புதிய தந்தி. பழைய தந்தி தேய்ந்து, ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும். அது எந்த மெட்டிலும் உண்மை பேசாது. இரண்டாவதாகச் சுருதி சேர்த்தல். ஈ, ஏ, டி, ஜி என்பன நான்கு தந்திகள். கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் செயலி போதும். ஆனால் தடித்த தந்தியின் ஆழ்ந்த ஒலியைத் தொலைபேசி சில வேளை பிடிக்காது. அப்போது 12 ஆம் மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டி, விரலை எடுத்துவிட வேண்டும். மணி போன்ற ஓர் ஒலி, ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். ஹார்மோனிக் என்பார்கள். அதைத் தொலைபேசி தெளிவாகப் பிடிக்கும்.

மூன்றாவது, கழுத்தின் வளைவு. நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. அதற்கு எதிராகக் கழுத்தினுள்ளே ஓர் உருக்குக் கம்பி இருக்கிறது. தடித்த தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலுள்ள மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் தந்தியே ஓர் அளவுகோலாகிவிடும். ஏழாம், எட்டாம் மெட்டுப் பக்கம் தந்திக்கும் மெட்டுக்கும் இடையில் 0.3 மில்லிமீற்றர் அளவு இடைவெளி இருந்தால் நன்று. அந்த அளவை எதனால் பார்ப்பது? பணியில் இருந்த காலத்து விசிட்டிங் கார்ட் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. கடதாசி தாராளமாக நுழைந்து ஆடியது. இடைவெளி மிகுதி. கம்பியின் முனையை எல் வடிவச் சாவியால் வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் இறுக்கி, மீண்டும் சுருதி சேர்த்து, மறுநாள் வரை விட்டோம். மரம் உடனே கேட்காது. அவசரப்பட்டு ஒரேயடியாக இறுக்கினால் கம்பி முறிந்துவிடும், கழுத்தே வீணாகும்.

நான்காவது, தந்தியின் உயரம். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் சேடில் எனப்படும் சிறு உலோகத் துண்டின்மேல் அமர்ந்திருக்கிறது. அதன் இரு சிறு திருகாணிகளை முறுக்கினால் உயரம் மாறும். எங்கள் கடற்கரைக் காற்றின் உப்பு அவற்றைத் துருப்பிடித்து உறைய வைத்திருந்தது. பலவந்தம் செய்தால் தலை தேய்ந்துவிடும். இருவரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பாராத தங்கை, தன் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி விட்டோம். காலையில் எட்டும் அசைந்தன. 12 ஆம் மெட்டில், பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்து, தடித்த தந்தியை இரண்டரை மில்லிமீற்றருக்கும் மெல்லிய தந்தியை இரண்டு மில்லிமீற்றருக்கும் கொண்டுவந்தோம்.

ஐந்தாவதுதான் எங்கள் இருவருடைய வழக்கும் தீர்ந்த இடம்.

பேஸ் கிட்டாரில் தந்தி அதிரும் நீளம் வழக்கமாக 34 அங்குலம். 12 ஆம் மெட்டு அதன் நடுவில் இருக்கிறது. எனவே அங்கே அழுத்தினால் திறந்த தந்தியின் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். ஆனால் தந்தியை மெட்டுவரை அழுத்தும்போது அது சற்று இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறும். தந்தி உயரமாக இருந்தால் கூடுதலாக இழுபடும், கூடுதலாக ஏறும். இந்தப் பிழையை ஈடுசெய்யவே சேடிலை முன்னும் பின்னும் நகர்த்த வழி வைத்திருக்கிறார்கள். ஹார்மோனிக் ஒலியையும், அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் ஒலியையும் ஒப்பிட வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்தித் தந்தியை நீட்ட வேண்டும். இறங்கியிருந்தால் முன்னுக்கு. உயரம் மாறினால் இதுவும் மாறும் என்பதால்தான் உயரத்தை முதலில் திருத்தச் சொல்கிறார்கள்.

எங்கள் கிட்டாரில் நான்கு சேடில்களும் ஒரே வரிசையில், பள்ளிப் பிள்ளைகள் போல் நின்றன. யாரோ அழகுக்காக அப்படி வைத்திருக்க வேண்டும். அவை ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. தடித்த தந்தியின் சேடில் மற்றவற்றைவிடப் பின்னால் போக வேண்டும். ஒவ்வொன்றாக நகர்த்தினோம். சில மில்லிமீற்றர்கள்தான். ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்து, ஒப்பிட்டு, மீண்டும் நகர்த்தினோம். ஒப்புநோக்குநர் மேசையில் அச்சுப்படியைத் திருத்துவது போன்ற வேலை. கடைசித் தந்தி முடிந்ததும் மருமகன் மேல் மெட்டுகளில் விரலை ஓட்டினான். பிறகு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"மாமா, பிழை என்னில இல்ல."

1951 ஆம் ஆண்டு லியோ ஃபெண்டர் தம் முதல் மின் பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதற்குப் 'பிரிசிஷன்' என்று பெயரிட்டார். துல்லியம் என்று பொருள். மெட்டில்லாத பெரிய டபுள் பேஸில் விரல் சற்றுத் தவறினாலும் சுரம் தவறும். மெட்டு இருந்தால் தவறாது என்பது அவர் கருத்து. ஆனால் மெட்டு மட்டும் துல்லியம் தந்துவிடாது. பிரிட்ஜும் இடத்தில் இருக்க வேண்டும். நகரவே முடியாத மரக்கட்டையில், ஒரு பென்சில் உயரத்தில், செத்த தந்திகளோடு நான் அன்று வாசித்தேன். எந்தக் காதாலும் அதைச் சரிசெய்திருக்க முடியாது.

நல்ல கருவி கிடைத்திருந்தால் நான் பெரிய வாத்தியக்காரன் ஆகியிருப்பேன் என்று சொல்ல வரவில்லை. மருமகன் என் கையில் கிட்டாரைத் தந்தபோது விரல்கள் விறைத்தன. தாளமும் பிசகியது. நான் நடுத்தர வாசிப்பாளனாகவே இருந்திருப்பேன். ஆனால் 12 ஆம் மெட்டில் நான் அழுத்திய சுரம் சரியாக இருந்தது. சரியாக இருப்பதும் எனக்குக் கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். அம்ப்ளிபயர் இல்லாமல் அந்தத் தந்தி எழுப்பும் முணுமுணுப்பு அவளுக்குக் கேட்டிருக்குமோ, தெரியாது.

இன்னும் ஒரு குறிப்பு, எங்கள் கரையோரத்தில் இருப்பவர்களுக்காக. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் உலரும். வாடைக்காற்றோடு மழை வந்தால் மரம் ஈரம் குடிக்கும். அதனோடு கழுத்தின் வளைவும் மாறும். ஆண்டுக்கு இரு முறையாவது விசிட்டிங் கார்டை எடுத்துப் பாருங்கள். வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடையுங்கள், உப்புக் காற்று வியர்வையோடு சேர்ந்தால் தந்தி விரைவில் சாகும். வாங்கும் தொகையில் ஒரு பங்கைப் புதிய தந்திக்கும் செட்டிங்குக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பங்கு இல்லாமல் வாங்கும் விலையுயர்ந்த கருவியைவிட, அந்தப் பங்கோடு வாங்கும் மலிவான கருவி நன்றாகப் பாடும்.

பத்திரிகையில் பிழையான செய்தி வந்துவிட்டால் மறுநாள் திருத்தம் வெளியிடுவது வழக்கம். அதைச் சிறிய எழுத்தில், உள்பக்கத்தில் போடுவோம். நானும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருக்கிறது. சற்றுத் தாமதமாகிவிட்டது.

திருத்தம்: 1976 ஆம் ஆண்டு முதல், எனக்குக் காது இல்லை என்று நானே பலரிடம் கூறிவந்திருக்கிறேன். அது தவறான தகவல். பிரிட்ஜ் இடம் மாறியிருந்தது. தவறுக்கு வருந்துகிறேன்.